பெரிய பாதி

லாயாங்-லாயாங்கில் காலை ஏழே முக்கால்.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி
பள்ளி வேலியோரம் கியர் மாற்றுகிறது.
அது ஏறி முடியும்வரை
பின்னம் என்ற சொல்லை
வாயிலேயே வைத்துக் காத்திருக்கிறேன்.

ஆண்டு மூன்று. பதினொரு பேர்.
பாடத்திட்டப் புத்தகத்தில் மூன்று கட்டம்:
வளப்படுத்தல், திடப்படுத்தல், குறைநீக்கல்.
முதல் நாள் இரவே பிள்ளைகளைப் பிரித்துவிட்டேன்,
துவைத்த துணியைத் தட்டுத் தட்டாக
அலமாரியில் அடுக்குவதுபோல.

சன்னலோர மேசைக்குக் கணக்குத்தாள், இரண்டு பக்கம்.
நடுமேசைக்கு ஒரு பக்கம்.
கதவோர மேசைக்கு மட்டும்
ஒரு ரொட்டி, மழுங்கிய கத்தி,
மைலோ டின் நிறைய போத்தல் மூடிகள்.

கவினேஸ் ரொட்டியை வெட்டினான்.
ஒரு துண்டு அகலம். ஒன்று விரலளவு.
"இது பாதியா?"
"பாதிதான் டீச்சர்.
இது பெரிய பாதி, அண்ணனுக்கு."
திருத்த வாயெடுத்து மூடிக்கொண்டேன்.
அவன் வீட்டில் பாதி அப்படித்தான் விழுகிறது.
சமம் என்பது
அவன் இன்னும் பஸ் ஏறிப் போகாத ஊர்.

அந்த வாரம்தான் ஷர்வினாஸ்ரீ சறுக்கினாள்.
தாளை வைத்து நான் திரும்புவதற்குள் முடித்து
பென்சிலைக் கடித்துக்கொண்டிருப்பவள்.
பரிசாக நான் கொடுத்ததெல்லாம்
இன்னொரு தாள்.
செவ்வாய், பத்துக்கு ஏழு.
புதன், ஐந்து.
வியாழன், மூன்று.
"பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?"
அம்மாவுக்கு வாட்சாப்பில் எழுதினேன்.
ஆலையின் இரவு ஷிப்டிலிருந்து பதில்:
"நல்லாத்தான் இருக்கா டீச்சர்.
ரொட்டியத்தான் வெட்டி வெட்டிப் போடுறா."

அன்றிரவு அவள் தாளை மறுபடி விரித்தேன்.
மூன்றில் ஒன்று என்றால் நான்கில் ஒன்று.
ஐந்தில் இரண்டு என்றால் ஆறில் இரண்டு.
கோட்டுக்குக் கீழே மட்டும்
ஒன்று கூடுதல், அழகான கையெழுத்தில்.
தெரியாதவர் தவறு நாலா பக்கமும் ஓடும்.
இது சபைகூடல்போல
வரிசை பிசகாமல் நின்றது.

காலையில் கேட்டேன். மழுப்பவில்லை அவள்.
"அந்த மேசைல கத்தி இருக்கு டீச்சர்.
எனக்குத் தாள் மட்டும்தானே."

பதினாறு வருடம் இந்த வேலையில்.
தடுமாறுகிறவருக்குப் பொருள்,
தடுமாறாதவருக்குத் தாள்
என்று யார் சொன்னது எனக்கு?
யாரும் சொல்லவில்லை.
நானே போட்ட கோடு, ஸ்கேல் வைத்து.

திங்கட்கிழமை சீனர் கடையில்
இரண்டு ரொட்டி வாங்கினேன்.
அவளைக் கவினேஸ் பக்கத்தில் உட்காரவைத்தேன்.
சொல்லிக்கொடு என்று சொல்லவில்லை.
"நீ வெட்டு, நான்தான் முதல்ல எடுப்பேன்,"
என்றாள். என் புத்தகத்தில் இல்லாத சட்டம்.
அவன் வழக்கம்போல வெட்டினான்.
அவள் பெரிய பாதியை எடுத்து
வாயில் போட்டுக்கொண்டாள்.
அவள் தாடை அசைவதையே பார்த்திருந்தான் கவினேஸ்.
அடுத்த ரொட்டிக்கு
ஸ்கேல் கேட்டான்.

தீபேஸ்வரன் மூடிகளை நிறம் நிறமாக அடுக்கினான்.
மாற்றலாகி வந்து ஐந்து வாரம்,
இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.
அடுக்கியதில் கணக்கு இருந்ததா, தெரியாது.
நடுமேசை ஐந்து பேரும் என்ன செய்தார்கள் என்று
எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.
நல்ல பிள்ளைகள். சத்தமே போடமாட்டார்கள்.
அதுதான் உறுத்துகிறது.

மணி அடித்த பிறகு சிந்தனை மீட்சி எழுதவேண்டும்:
பதினொன்றில் இத்தனை பேர்
நோக்கத்தை அடைந்தனர்.
வழக்கமாக எட்டு போடுவேன்.
யாரும் கேள்வி கேட்காத எண், எட்டு.

இன்று பேனா நிற்கிறது.
எந்த எட்டு?
புத்தகத்தின் மேல் ரொட்டித் தூள்,
எறும்பு ஒன்று அதற்குள் வந்துவிட்டது.
கோடு போட்டேன்.
கீழே பதினொன்று எழுதினேன்.
மேலே இன்னும் எழுதவில்லை.